கல்லில் எழுதியதெல்லாம் உண்மையா?

பத்திரிகைத் தொழிலுக்குள் நான் நுழைந்த முதல் வாரத்தில் எனக்கு வாய்த்த மூத்த துணை ஆசிரியர் ஒருவர் சொன்ன அறிவுரை இது: "தம்பி, கட்டுரையில் பிழை விட்டால் பாதிப்பேர்தான் காண்பார்கள். படக்குறிப்பில் பிழை விட்டால் ஊரே காணும். வாசிக்கத் தெரிந்தவன் முதலில் வாசிப்பது படக்குறிப்பைத்தான்." அதன்பின் எத்தனையோ ஆயிரம் படக்குறிப்புகளை எழுதியும் திருத்தியும் ஆயிற்று. அவர் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்த்ததில்லை.

சிலைக்கும் நினைவுத் தூணுக்கும் அடியில் பதிக்கப்படும் கல்வெட்டும் வெண்கலத் தகடும் ஒருவகைப் படக்குறிப்பே. சிலை பேசாது, தகடு பேசும். நிற்பவர் யார், ஏன் நிற்கிறார், யார் நிறுத்தினார்கள் என்பதைத் தகடு சொல்லுகிறது. அது சொல்லாமல் விட்டதை வழிப்போக்கன் அறிய மாட்டான். அது பிழையாகச் சொன்னால் அந்தப் பிழையே வரலாறாகி நிலைத்துவிடும். பத்திரிகையாளனுக்காவது மறுநாள் திருத்தம் வெளியிட வழியுண்டு. கல்லில் வெட்டியவனுக்கு அதுவும் இல்லை.

இதை இன்று எழுதுவதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு இதழில் திருகோணமலைச் சுவாமி மலையைப் பற்றி எழுதியபோது, காதலன் கைவிட்டதால் கடலிற் பாய்ந்து மாண்ட ஒல்லாந்தப் பெண்ணின் கதையை உருக்கமாக எழுதினேன். வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் ஒன்று மட்டும் அஞ்சலட்டையில் இரண்டே வரியில் இருந்தது: "அந்தப் பெண் பாயவில்லை. தயவுசெய்து தேடிப் பாருங்கள்." நான் அன்று தேடவில்லை, திருத்தமும் வெளியிடவில்லை. காலம் கடந்த அந்தத் திருத்தத்தை இங்கே எழுதுகிறேன். ஆனால் திருத்தம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மலையடிவாரம் வரைக்கும், குடாவின் மறுகரை வரைக்கும் இழுத்துச் சென்றுவிட்டது.

*

கடலிலிருந்து முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கும் சுவாமி மலையைத் தமிழர் கோணமலை என்பர். இராவணன் வெட்டு என்று நாம் காட்டும் பிளவும் அங்கேதான். அதே மலையின் விளிம்புக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரோ 'காதலர் பாய்ச்சல்'. அந்தப் பெயருக்குக் காரணமாக நின்றது ஒரு கற்றூண். தூணில் ஒல்லாந்த மொழியில் சில வரிகள் வெட்டப்பட்டிருந்தன: மைத்ரெக்ட் சீமாட்டி பிரான்சினா வான் றீட் என்பவரின் நினைவாக, 1687ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நிறுத்தப்பட்டது என்பதே அவற்றின் பொருள். அவ்வளவுதான். காதலும் இல்லை, கப்பலும் இல்லை, பாய்ச்சலும் இல்லை.

கதை பின்னால் வந்தது. பிரான்சினாவுக்கு ஓர் ஒல்லாந்த அதிகாரியோடு மணம் நிச்சயமாயிற்றாம். சேவைக்காலம் முடிந்ததும் அவன் அவளைக் கைவிட்டுக் கப்பலேறினானாம். அவன் கப்பல் மலைமுனையைக் கடக்கும் வேளையில் அவள் அவன் கண்முன்னே குதித்தாளாம். சேர் எமேர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில் இக்கதை இடம்பெற்றது. அதன்பின் பயண நூல்களெல்லாம் அதையே படியெடுத்தன. நானும் அந்த வரிசையிலே ஒருவன்.

உண்மையில் யார் இந்தப் பிரான்சினா? கல்வெட்டில் உள்ள 'மைத்ரெக்ட்' என்ற பட்டமே விடையைச் சொல்லுகிறது. அது ஹென்றிக் அட்றியான் வான் றீட் என்பவருக்குரிய பிரபுப் பட்டம். தாவரவியல் படித்தவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. மலையாளக் கரையின் செடி கொடிகளைப் பற்றி 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்ற மாபெரும் நூலை உருவாக்கியவர் அவரே. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை ஆணையாளராகக் கீழைத்தேயப் பண்டகசாலைகளில் நடக்கும் ஊழல்களை விசாரிக்க 1684இல் அனுப்பப்பட்ட அவர், வங்காளம், சோழமண்டலக் கரை, இலங்கை, மலையாளம் என்று சுற்றி வந்தார். ஒல்லாந்தரின் சோழமண்டலத் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியதும் அவருடைய அந்தக் காலத்தில்தான். 1691 டிசம்பரில், சூரத்துக்குப் போகும் வழியில், பம்பாய்க்கு அப்பால் கப்பலிலேயே இறந்தார். சூரத்தில் அவருக்கு எழுப்பிய பெரிய கல்லறை மண்டபம் இன்றும் நிற்கிறது.

பிரான்சினா அவருடைய வளர்ப்பு மகள். தூணில் வெட்டிய 1687ஆம் ஆண்டுடன் அவள் வாழ்வு முடியவில்லை. தந்தையின் மரணத்துக்குப் பின்னும் உயிரோடிருந்து, ஒல்லாந்துக்குத் திரும்பி, அங்கே மணம் முடித்து வாழ்ந்தாள். சுவாமி மலையிலிருந்து அவள் குதிக்கவேயில்லை. 'நினைவாக' என்ற ஒரு சொல்லை 'மரணத்தின் நினைவாக' என்று எடுத்துக்கொண்டதிலேதான் கதை முழுவதும் முளைத்தது. ஒருவர் ஓரிடத்துக்கு வந்து போனதன் நினைவாகவும் தூண் நிறுத்தலாம் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. செங்குத்துப் பாறையின் விளிம்பு, ஒரு பெண்ணின் பெயர், ஒரு தேதி: இம்மூன்றும் ஒன்றாயிருந்தால் கதை தானாகவே உண்டாகிவிடும் போலும்.

ஆனால் அஞ்சலட்டை எழுதிய வாசகரும் கேளாத கேள்வி ஒன்றுண்டு. எழுத்து பிரான்சினாவுடையது, தூண் யாருடையது?

*

அத்தூண் கோணேசர் கோயிலின் தூண்களில் ஒன்று என்பதே வழிவழியாக வரும் செய்தி. டெனன்ட் காலத்து ஆங்கிலேயரும் அவ்வாறே எழுதினர். திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலே பாடிய தலம் அது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா அதை இடித்துத் தள்ளினான். இடித்த ஆண்டை 1622 என்பாரும் உண்டு, 1624 என்பாரும் உண்டு. கோயிலின் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை எழுந்தது. பின்னர் அது ஒல்லாந்தர் கைக்குப் போய், 1795இல் பிரித்தானியர் கைக்கு வந்து, பிரடெரிக் கோட்டை என்ற பெயரையும் பெற்றது.

இடித்தவனே இடித்ததற்குச் சாட்சியமும் விட்டுச் சென்றான் என்பதுதான் விந்தை. கோயிலில் கண்ட கல்வெட்டொன்றைப் பெயர்த்தெழுதித் தாய்நாட்டுக்கு அவன் அனுப்பி வைத்த செய்தி போர்த்துக்கேயர் ஏடுகளிலேயே உண்டு. கோயில் போயிற்று, கோயிலின் படக்குறிப்பு மட்டும் லிஸ்பனுக்குக் கப்பலேறிற்று.

கோட்டை வாயிலில் இன்னொரு கல்லும் இருக்கிறது. இணைக்கயற் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் கொண்ட கல். கதவுநிலையாக அதை வைத்தவனுக்கு அது எழுத்துள்ள கல் என்பதும் ஒரு பொருட்டாக இருந்திராது. கயற் சின்னம் பாண்டியருடையது. சடையவர்மன் வீரபாண்டியன் 13ஆம் நூற்றாண்டில் ஈழத்தை வென்று கோணமலையில் இணைக்கயல் பொறித்தான் என்று புதுக்கோட்டைச் சீமையிலுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டு கூறுகிறது. வாயிற்கல்லில் எஞ்சியுள்ள எழுத்துகளோ அதற்குப் பிற்பட்டவை என்பர் ஆய்வாளர். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் குலைப்பர் என்றும், அதன்பின் அந்நியர் ஒருவர்பின் ஒருவராக ஆள்வர் என்றும் தீர்க்கதரிசனம் சொல்லும் வெண்பா ஒன்று அக்கல்லில் இருந்ததாக ஊரார் நம்புகின்றனர். சின்ன வயதில் அதை மனனம் செய்யாத திருகோணமலைப் பிள்ளை அந்தக் காலத்தில் இல்லை.

கல்லில் இன்று எஞ்சியிருப்பவை சில சில துண்டெழுத்துகளே. மற்றவற்றை நிரப்பியது ஊரின் வாய்மொழி. இதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பிரான்சினாவின் கல்லில் இல்லாத கதையை ஆங்கிலேயர் ஏற்றினர் என்று நகைக்கும் நாம், நம்முடைய கல்லிலும் தேய்ந்துபோன இடங்களை நம் துயரத்தால் நிரப்பியிருக்கிறோம். வேறுபாடு ஒன்றுண்டு. அவர்கள் நடவாத மரணத்தைக் கல்லில் வாசித்தார்கள். நாம் நடந்துவிட்ட அழிவை வாசிக்கிறோம்.

கல் காப்பாற்றாததை மண் காப்பாற்றியது. 1950இல் கோட்டைப் பகுதிக்கு அண்மையில் கிணறு தோண்டியவர்கள் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் முதலிய வெண்கலத் திருமேனிகளைக் கண்டெடுத்தனர். பறங்கியர் வருமுன் அர்ச்சகர்கள் புதைத்தவையாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. வார்த்தவர் பெயரோ, கொடுத்தவர் பெயரோ சொல்லத் தகடொன்றும் அவற்றோடு வரவில்லை. பீரங்கி செய்ய வெண்கலம் தேடி அலைந்த நூற்றாண்டுகளை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, அவை மறுபடியும் வழிபாட்டுக்கு வந்தன. கோயிலும் புதுக்கப்பட்டு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

*

இனிக் குடாவைக் கடந்து மூதூருக்குப் போவோம். கொட்டியாரக்குடாவின் தென்கரையில், 'வெள்ளைக்காரன் மரம்' என்று பெயர்பெற்ற புளியமரத்தின் அடியில், 1893இல் பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் ஒரு நினைவுக்கல் வைக்கப்பட்டது. 'ஆன்' என்னும் கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸ் 1660ஆம் ஆண்டு இம்மரத்தின்கீழ்ச் சிறைப்பட்டார் என்றும், கண்டி அரசன் அவரை 19 ஆண்டுகள் சிறைவைத்தான் என்றும் அது கூறுகிறது.

துணை ஆசிரியர் மேசையில் இந்தக் குறிப்பு வந்திருந்தால் இரண்டு இடத்தில் சிவப்பு மை விழுந்திருக்கும்.

கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸ்தான். ஆனால் அவர் தந்தை. அதே பெயருடைய மகனுக்கு அப்போது வயது இருபதும் ஆகவில்லை. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலில் பாய்மரம் ஒடிந்ததால், அதைச் சீர்செய்யக் கப்பல் கொட்டியாரத்துக்கு வந்தது. அரசன் இரண்டாம் இராசசிங்கனின் திசாவை வந்தபோது, அவரைக் காண்பதற்காக மகனும் கப்பலின் வணிகர் ஒருவரும் முன்னதாகவே உள்நாட்டுக்குப் போயிருந்தனர். பின்னர் கரையிறங்கிப் புளியமரத்தடியில் ஏழு பேருடன் காத்திருந்தவர் தந்தை. வளைத்துப் பிடிக்கப்பட்டவரும் அவரே. இதைச் சொல்பவர் வேறு யாருமல்லர். 1681இல் இலண்டனில் நூலெழுதி வெளியிட்ட அந்த மகனே.

தந்தை அடுத்த ஆண்டு, 1661 பெப்ரவரியில், சிறையிருந்த ஊரிலேயே காய்ச்சலால் இறந்தார். மகனும் அதே காய்ச்சலில் கிடந்தான். உடலை அடக்க ஊராரிடம் உதவி கேட்டபோது, மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொடுத்தனுப்பி, கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போகச் சொன்னார்களாம். நடக்கவே மாட்டாத நிலையில் இருந்த மகன் எப்படியோ குழி தோண்டித் தந்தையை அடக்கினான். 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தான். அவன் எழுதிய நூல் உலகப்புகழ் பெற்றது. அந்தப் புகழ்தான் கல்லிலும் ஏறிற்று. புளியமரத்தடியில் பிடிபட்ட கிழவரோ தம் மரத்தையும் பதவியையும் மகனுக்குக் கொடுத்துவிட்டுப் பெயரில்லாமற் போனார். இருவருக்கும் ஒரே பெயர் என்பதால் கல் பொய் சொல்லுகிறது என்றும் கூற முடியாது. மெய் சொல்லுகிறது என்றும் கூற முடியாது.

இவ்விடத்தில் வான் றீட்டுக்கு ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். அவருடைய தாவர நூலின் முதல் தொகுதியில், மூலிகைகளின் பெயரையும் குணத்தையும் சொல்லிக் கொடுத்த இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் வாக்குமூலம், அவருடைய எழுத்துமுறையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. உதவிய மூன்று கொங்கணி அந்தணர்களின் சான்றும் அவர்கள் எழுத்திலேயே இடம்பெற்றது. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு குடியேற்றக்காரன் செய்யத் துணிந்த காரியம் அது. பெயர் சொல்ல மனமிருந்தால் இடமும் கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று. மகள் பெயர் தாங்கிய தூணில்தான் அந்த மரியாதை கோயிலுக்குக் கிடைக்கவில்லை.

*

பிழையான தகட்டை என்ன செய்வது? உலகெங்கும் இன்று இந்தக் கேள்வி உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எட்வேட் கோல்ஸ்டன் என்ற அடிமை வணிகனுக்கு 1895இல் சிலை வைத்தார்கள். நகரம் ஈன்ற அறவோரில் ஒருவர் என்று தகடு புகழ்ந்தது. அடிமைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நூறாண்டுக்குப் பின், உண்மையைச் சொல்லும் இரண்டாவது தகடு வைப்போம் என்றார்கள். வாசகத்தில் எந்தச் சொல் வேண்டும், எந்தச் சொல் வேண்டாம் என்று இழுபறி நடந்தது. மென்மையாக்கிய வாசகத்துடன் வெண்கலத்தில் தகடு வார்த்தும் ஆயிற்று. அந்த மழுப்பல் ஏற்கத்தக்கதன்று என்று நகர மேயர் 2019இல் அதை நிறுத்தினார். அடுத்த ஆண்டு ஜூன் 7ஆம் நாள் மக்கள் திரண்டு சிலையையே இழுத்துத் துறைமுகத்தில் தள்ளிவிட்டார்கள். தகட்டைத் திருத்த மனமில்லாதபோது சிலைக்கு நேரும் கதி அது.

சிலையைக் கவிழ்ப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. பிரான்சினாவின் எழுத்தைச் செதுக்கி எடுக்க வேண்டியதில்லை. மூதூர்க் கல்லைப் பிடுங்க வேண்டியதுமில்லை. பிழையும் வரலாற்றின் ஒரு பகுதியே. பக்கத்தில் இன்னொரு பலகை வைத்தாற் போதும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், தூண் எங்கிருந்து வந்தது, மரத்தடியில் இருந்தவர் யார் என்று நான்கு வரி.

*

இவ்வளவோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் சுவாமி மலையிலிருந்து இறங்கி நகருக்குத் திரும்பும் வழியில், கடற்கரையை ஒட்டி, காந்தி சிலை இருக்கிறது. அதைக் கடந்துபோகப் பத்திரிகையாளன் எவனுக்கும் மனம் வராது.

2006 ஜனவரி 2ஆம் நாள் மாலை, அச்சிலைக்கு அருகே கடற்கரையில் பேசிக்கொண்டிருந்த மாணவர்கள் மீது முச்சக்கரவண்டியிலிருந்து குண்டு வீசப்பட்டது. அன்றிரவு ஐந்து பேர் பிணமாயினர். அவர்கள் வைத்திருந்த குண்டே வெடித்து அவர்கள் இறந்தனர் என்பது பாதுகாப்புத் தரப்பின் முதல் விளக்கம். அதாவது, அதிகாரம் எழுதிய படக்குறிப்பு. அதைப் பொய்யாக்கியவை படங்கள். சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்ற திருகோணமலைச் செய்தியாளர் பிணவறையில் எடுத்த படங்கள் 'சுடர் ஒளி' நாளிதழில் வெளிவந்தன. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. மூன்று வாரத்தில், ஜனவரி 24ஆம் நாள் காலை, சுகிர்தராஜன் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் மூதூரில், நொக்ஸின் கல் இருக்கும் அதே ஊரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் 17 பேர் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தக் கொலைக்காக எவரும் தண்டனை பெறவில்லை. மாணவர் கொலை வழக்கில் 2013இல் கைதான விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலை 3ஆம் நாள் திருகோணமலை நீதவானால் விடுவிக்கப்பட்டனர். சாட்சிகளிற் பலர் அஞ்சி நாட்டைவிட்டே போய்விட்ட பின் சாட்சியம் எங்கிருந்து வரும்?

ஆண்டுதோறும் ஜனவரி 2ஆம் நாள் அந்தக் கடற்கரையில் சிலர் கூடி விளக்கேற்றுகிறார்கள். மாணவர் படங்களை வைக்கிறார்கள். மாலையானதும் படங்களை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

குதிக்காத பெண்ணுக்கு முந்நூறு ஆண்டுகளாக இரங்கிய ஊர் இது. நானும் அவளுக்காக ஒரு பக்கம் எழுதியவன். பிரான்சினாவுக்கும் நொக்ஸுக்கும் கல் கிடைத்தது, அவர்களுக்குக் கல் வெட்டச் சொல்ல ஆள் இருந்ததனால். கோயிலுக்கும் கிழவருக்கும் கிடைக்கவில்லை. கடற்கரையில் இறந்த ஐவருக்கும், அவர்கள் காயத்தை உலகுக்குக் காட்டிய செய்தியாளருக்கும், என்றாவது ஒருநாள் தகடு பதிக்கும் காலம் வரும். அன்று வாசகம் எழுதுபவரிடம் என் பழைய துணை ஆசிரியர் சொன்னதையே சொல்லி வைக்கிறேன்: முதலில் பெயர், பிறகு தேதி, பிறகு எப்படி இறந்தார்கள் என்பது. அலங்காரம் வேண்டாம். அவை மூன்றும் சரியாக இருந்தாற் போதும்.

அஞ்சலட்டை எழுதிய அந்த வாசகர் இன்று இருக்கிறாரோ இல்லையோ. ஐயா, நீங்கள் சொன்னது சரி. அந்தப் பெண் பாயவில்லை.